கைபடாத ஏடு

எங்கள் தோட்டத்துக் கிராணியாரின் கையெழுத்தைப் போல அழகான கையெழுத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்திய பிறகும் இதையேதான் சொல்கிறேன். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டம் அது. 1974இல் எனக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால் ஸ்டோருக்குப் போவேன். காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளி தொங்க, பால் தளும்பாமல் அம்மா நடந்து வருவதே பார்க்க அழகுதான். ஆனால் என் கண் கிராணியாரின் ஏட்டிலேயே நிற்கும். நீல மையில், சாய்ந்த ஆங்கில எண்கள், எறும்புச் சாரை போல ஒரே சீராக. ஒரு அடித்தல் இருக்காது. ஒரு துளி மை சிந்தியிருக்காது.

அந்த ஏட்டின் பெயர் செக்ரோல். யார் எந்த நிரையில் மரம் வெட்டினார், எவ்வளவு பால் கொண்டுவந்தார், அதில் எத்தனை பங்கு ரப்பர், கட்டிப்பால் எவ்வளவு, கடையில் எடுத்த அரிசிக்குப் பிடித்தம் எவ்வளவு என்று ஓர் ஆளின் மாதம் முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடும். அம்மாவின் முதுகுவலியும் மழை பெய்து கெட்ட நாட்களும் அந்த வரியில்தான் இருந்தன, எண்களாக. இவ்வளவு பெரிய வாழ்க்கையை இவ்வளவு சிறிய இடத்தில் வைக்கத் தெரிந்தவரைத் திறமைசாலி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அவருடைய இடது கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது கை எழுதும்போது அது ஏட்டின் மேல் குடை பிடித்தாற்போல் இருக்கும். அம்மாவின் வரியை எழுதும்போது அம்மாவுக்கு முந்தினவரின் வரி தெரியாது, பிந்தினவரின் வரியும் தெரியாது. அம்மாவின் வரியும் அம்மாவுக்குத் தெரியாது. பாலில் மெட்ரோலாக் என்ற அளவுகோலை மிதக்கவிடுவார். பாலில் ரப்பர் மிகுந்திருந்தால் கோல் சற்று ஆழமாக இறங்கும், தண்ணீர் மிகுந்திருந்தால் மேலே நிற்கும். நூறு பங்கு பாலில் முப்பதிலிருந்து நாற்பது பங்குதான் ரப்பர், கூலி கணக்காவது அந்தப் பங்கை வைத்து. கோல் எங்கே நின்றது என்று குனிந்து பார்த்தவர் அவர் ஒருவரே. அம்மா வாளியைக் கழுவ நகர்ந்துவிட வேண்டும், பின்னால் வரிசை நிற்கிறது.

இன்று கணினியில் இதே வேலையைச் செய்யப் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பலர் சேர்ந்து எழுதும் ஒரே பட்டியலில் எவர் எந்தப் பத்தியைப் பார்க்கலாம், எவர் எந்த வரியைப் பார்க்கலாம் என்று வரையறுக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வரிவரியாகப் பூட்டும் வசதியை 9.5 பதிப்பில்தான், 2016 ஜனவரியில்தான் கொண்டுவந்தது. எங்கள் கிராணியார் அதை ஒரு கையால் செய்துகொண்டிருந்தார்.

அவர் மட்டுமல்ல, தோட்டமே அப்படி அடுக்கப்பட்டிருந்தது. விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் கையில் ஒரு சின்னச் செக்ரோல் இருக்கும். வந்தவர் யார், வராதவர் யார் என்பது மட்டும் அதில். கிராணிக்குப் பக்கம் தெரியும், பெரிய கிராணிக்குக் கூட்டுத்தொகை தெரியும். துரைக்கு ஏக்கருக்கு எத்தனை இராத்தல் என்பது தெரிந்தால் போதும். கோலாலம்பூரில் இருந்த ஏஜென்சி நிறுவனத்துக்குத் தோட்டம் ஒரு வரி. இலண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு அது லாபப் பங்கில் ஒரு பென்னி கூடியதா குறைந்ததா என்பது. ஒவ்வொருவருக்கும் தேவையான அளவு மட்டும் தெரிய வேண்டும் என்பதைத்தானே இன்று நல்ல தரவுப் பாதுகாப்பின் முதல் விதி என்கிறார்கள்? அந்த விதியை லிங்கி ஆற்றங்கரைத் தோட்டங்கள் நூறு ஆண்டுக்கு முன்பே கடைப்பிடித்தன. பால் வெட்டியவருக்குத் தேவையானது சம்பள நாளில் கைக்கு வரும் உறை. அதை ஒரு நாளும் தவறாமல் கொடுத்தார்கள்.

பூட்டும் வெகு நேர்த்தியானது. இரும்பில்லை, சாவியில்லை. ஏடு ஆங்கிலத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதை எழுத யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஆங்கிலம் படித்தவர்கள் வந்தார்கள். ஏட்டை மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாலும் ஒன்றும் ஆகாது. லயத்தில் எவரும் அதைப் படிக்க முடியாது. தோட்டப் பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைகளும் முடியாது. இவ்வளவு மலிவான, இவ்வளவு உறுதியான பூட்டை நான் வேறெந்தத் தொழிலிலும் கண்டதில்லை.

ஔவை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு புகழ்ந்ததைப் புறநானூற்றில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பீலி சூட்டி நெய் பூசி அவை பளபளத்தன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடந்தன. வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குச் செக்ரோல்தான் கண்முன் வரும். அந்த ஏட்டில் பால் கறை இல்லை. ஒட்டுப்பால் நாற்றம் இல்லை. உளி பிடித்துக் காய்ப்பேறிய விரல் ஒன்றுகூட அதன் பக்கத்தைத் தொட்டதில்லை. அதனால்தான் அவ்வளவு சுத்தம்.

சட்டமும் அந்தச் சுத்தத்தைக் காத்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் முதலாளி பதிவேடு வைத்திருக்க வேண்டும், தொழில் இலாகா அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும் என்றது. அதற்கு முந்திய ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. சம்பளப் பேச்சு சங்கத்துக்கும் முதலாளிமார் சங்கத்துக்கும் இடையே நடந்தது, ரப்பர் விலையோடு கூலியும் ஏறி இறங்கியது. சம்பளச் சீட்டு என்று ஒன்று வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அம்மா அந்தச் சீட்டுகளை ஒன்றும் விடாமல் மைலோ டின்னில் சேர்த்து வைத்தார். படிப்பதற்காக அல்ல. என்றைக்காவது யாராவது படித்துச் சொல்வார்கள் என்று.

1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் தோட்டங்களை வைத்திருந்த கத்ரி நிறுவனத்தின் பெரும்பங்கு மலேசியாவின் கைக்கு வந்தது. நாட்டு வரலாற்றில் பெருமைக்குரிய காலை. இலண்டன் முதலாளிகளுக்கே தங்கள் ஏட்டின் ஒரு பக்கம் மறைந்துபோன காலை அது. ஆனால் மறுநாள் பெரட்டில் கூப்பிட்ட பெயர்கள் மாறவில்லை, எழுதிய மொழியும் மாறவில்லை. ஏடு தன் முறையை எந்தக் கொடிக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை.

எழுதியதை மறைப்பதைவிட எழுதாமலே மறைப்பது இன்னும் உறுதியானது. அதையும் நெகிரி செம்பிலான் கண்டிருக்கிறது. 1942, 43இல் சயாம் மரண இரயில் பாதைக்கு இந்த மாநிலத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்களை ஜப்பானியர் லாரியில் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உண்டு, பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். மலாயாத் தமிழர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு இன்றும் ஒரே எண் கிடையாது. என் தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர். அவருடைய விவரத்தை எவரும் திருட முடியாது, விற்க முடியாது, கசியவிட முடியாது. அதைவிடப் பத்திரமாக ஒரு மனிதரை வைத்திருக்க வழியில்லை.

இப்போது நான் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். லாபு, நீலாய், செண்டாயான் பக்கமெல்லாம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயம் இடிந்தபோது மனிதர்கள் சிதறினார்கள், அவர்களோடு பத்திரங்களும். பிறப்புப் பத்திரம் இல்லாதவர், பத்திரம் இருந்தும் பெயர் பொருந்தாதவர், இங்கேயே பிறந்து எழுபது வயதாகியும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையோடு இருப்பவர். இவர்களுக்கு உதவ ஒரு குழு ஒரு பட்டியல் தொடங்கியது. ஓய்வு பெற்ற நானும் சேர்ந்தேன். இணையத்தில் ஒரே அட்டவணை, பதினெட்டுப் பேர் எழுதுகிறோம். தோட்டத்தின் பெயர், ஐசி எண், தாய் தந்தை பெயர், கைப்பேசி எண், நோய், கடன் என்று இருபத்தாறு பத்திகள்.

முதல் ஆண்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. பிறகு நோய், கடன், வயது, கைப்பேசி எண் ஆகிய பத்திகளை மறைத்தோம். மறைத்துவிட்டோம் என்று அனைவரும் நிம்மதியாக உறங்கினோம், அப்படி ஒரு நிம்மதியைத் தரும் வசதி அது. கூகுள் ஷீட்டில் மறைத்த பத்தியைத் திருத்தும் உரிமை உள்ளவர் எவரும் ஒரு சொடுக்கில் திறந்துவிடலாம் என்பதும், பார்க்க மட்டும் உரிமை உள்ளவர் முழுக் கோப்பையும் படியெடுத்துக்கொண்டால் மறைத்தவையும் சேர்ந்தே போகும் என்பதும், பூட்டிய கட்டம் எழுதுவதைத்தான் தடுக்கும், பார்ப்பதைத் தடுக்காது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. யாரோ படியெடுத்தார்கள். ஒரு மாதத்தில் எங்கள் பட்டியலில் இருந்த முதியவர்களுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. இவ்வளவு வெள்ளி கட்டினால் குடிமக்களுக்கான நீல ஐசி எடுத்துத் தருகிறோம் என்று. எவருக்கு என்ன நோய், எவருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அழைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் விவரங்கள் அவ்வளவு துல்லியமானவை.

ஐசி எண்ணை நாங்கள் மறைக்கவில்லை. வெறும் எண்தானே என்று விட்டுவிட்டோம். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (இங்கே பிறந்தவருக்குப் பெரும்பாலும் 05), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வயதுப் பத்தியை மறைத்து எண்ணைத் திறந்து வைத்தவர்கள் நாங்கள்.

நாடும் எங்களைக் கைவிடவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கலாம், தவறென்றால் திருத்தச் சொல்லலாம். அருமையான சட்டம். அது வணிக நடவடிக்கை தொடர்பான தரவுக்கு உரியது. கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது. ஆக, ஒரு சிவப்பு ஐசிக்காரர் பேரங்காடியின் உறுப்பினர் அட்டையில் தன் பெயர் எப்படி இருக்கிறது என்று அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். தன் குடியுரிமை விண்ணப்பத்தில் எப்படி இருக்கிறது என்று அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

2021ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை ஒன்று, பெருந்தொற்றுக் காலச் செயலியான மைசெஜாத்ராவில் ‘சூப்பர் அட்மின்’ என்ற ஒரே கணக்கின் வழியாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 இலட்சம் பேரின் விவரம் இறக்கப்பட்டதைப் பதிவு செய்தது. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்ததில்லை. துரைக்குக்கூட ஏட்டின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்ததில்லை. 2024 ஜனவரி 2இல் ‘பாடு’ என்ற மத்தியத் தரவுத்தளம் தொடங்கியது. மலாயில் அந்தச் சொல்லுக்குக் கெட்டியானது என்று பொருள். நம் மொழியில் அதற்கு என்ன பொருள் என்பது சிவப்பு ஐசிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாட்களில் அடுத்தவர் ஐசி எண்ணை வைத்து நுழைய வழியிருந்ததைச் சிலர் சுட்டிக்காட்ட, திருத்தினார்கள். ஆனால் அந்தத் தளம் ஒரு நல்ல காரியம் செய்தது, அதை மனமாரச் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி எழுதியிருப்பதை நீயே வந்து பார், சரிபார் என்று ஆளைக் கூப்பிட்டது. எந்த ஐசியும் இல்லாதவருக்கு அங்கே கதவில்லை. இருந்தாலும், இந்த மண்ணில் ஏடு தன் முகத்தை வரிக்கு உரியவர் பக்கம் திருப்பியதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

எங்கள் குழுவில் நீலாய்ப் பக்கத்திலிருந்து வரும் இளைஞர் ஒருவர், கணினிப் பொறியாளர், கசிவுக்குப் பிறகு அட்டவணையை முழுதாக மாற்றிக் கட்டினார். இரவெல்லாம் விழித்துச் செய்தார், ஒரு காசு வாங்கவில்லை. ஏர்டேபிள் என்ற இணையச் சேவையில் அட்டவணைக்குள் நேரே எவரையும் விடாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு தனிமுகப்பு. பகாவ்த் தொண்டருக்குப் பகாவ் வரிகள் மட்டும், தம்பின்காரருக்குத் தம்பின் மட்டும். நோய்ப் பத்தி மருத்துவருக்கு, கடன் பத்தி வழக்கறிஞருக்கு. ஒன்பது வகை உரிமை. நான் ஒவ்வொன்றாக நுழைந்து சோதித்தேன், ஒரு ஓட்டை இல்லை. உண்மையிலேயே பெரிய வேலை. கசிவு அன்றோடு நின்றது. அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் கிராணியாருக்குப் பின் அவரைப் போல ஒருவரை நான் பார்க்கவில்லை.

போன ஆண்டு ஒரு காலை, ரந்தாவ் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா என்னைத் தேடி வந்தார். எழுபத்தைந்து வயது. கையில் நெகிழிப் பை, அதற்குள் சிவப்பு ஐசி, மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த பழைய சீட்டுகள். மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் திரும்பி வந்தவர்.

“டீச்சர், என்னைப் பத்தி கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கீங்களாமே. என்னான்னு கொஞ்சம் காட்டுறீங்களா?”

ஒன்பது வகை உரிமையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். தொண்டர், மருத்துவர், வழக்கறிஞர், கணக்கர், மேற்பார்வையாளர். அவருக்கென்று ஒன்று இல்லை. அவருடைய வரி ஆறு பேருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. அதைக் கட்டியவர் மறந்து விட்டதல்ல இது, நாங்கள் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்து மூன்று வாரம் பேசிய பேச்சில் அந்தக் கேள்வியே எழவில்லை. நானும் அங்கே இருந்தேன். கிராணியாரின் இடது கையை எட்டு வயதில் பார்த்தவள் அங்கே இருந்தேன்.

கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினேன். ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு கட்டமாக நானே படித்துச் சொன்னேன். பிறந்த தோட்டம், சரி. பிறந்த ஆண்டு, சரி. தாய் பெயர், தலையாட்டினார். தகப்பனார் பெயரைப் படித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இது எங்க சித்தப்பா பேருல்ல? எங்கப்பா பேரு இது இல்லயே, டீச்சர்.”

பிறந்தபோது தகப்பனுக்குக் காய்ச்சல். பதிவு சொல்லச் சித்தப்பா போயிருக்கிறார். உன் பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள், அவர் தன் பெயரைச் சொல்லியிருப்பார், எழுதியிருப்பார்கள். அந்த ஒரு கட்டத்தை எழுபத்தைந்து ஆண்டாக எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். அரசாங்க ஊழியர், வழக்கறிஞர், தொண்டர், நான். எங்களில் எவருக்கும் அது தவறென்று தெரிய வழியே இல்லை. தெரிந்த ஒருவரை நாங்கள் வெகு கவனமாக வெளியே நிறுத்தியிருந்தோம்.

ஒரு தாள் கேட்டார். நான் மறுபடி ஒவ்வொரு கட்டமாகச் சொல்ல, தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த தமிழில் தானே எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் ஆயிற்று. எழுத்து கோணல், இரண்டு இடத்தில் அடித்தல், ஓரத்தில் விரல் பட்டுக் கறை.

அன்று மாலையே குழுவில் எழுதினேன்: தகப்பனார் பெயர் தவறு, அவரிடமே காட்டிக் கேட்டேன், மாற்ற வேண்டும். மறுநாள் காலை எழுந்தபோது அட்டவணை எனக்குத் திறக்கவில்லை. வெளியாளுக்குக் காட்டியதற்காக என் உரிமையை விதிப்படி எடுத்திருந்தார்கள். அம்மா தன் பால் நிறுவை தவறு என்று சொன்னபோது, அந்தப் பேச்சு மண்டோரிலிருந்து துரைவரை ஏற நான்கு மாதம் ஆனது. இது ஒரே இரவில் முடிந்தது.

பெரியம்மா வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்கிறார், பேரை மாத்திட்டாங்களா என்று. தாள் நெகிழிப் பைக்குள், சிவப்பு ஐசிக்கு அடியில் இருக்கிறது. ஏட்டில் இன்னும் சித்தப்பாதான் அப்பா.